எல்லா மாட்டுக்கும் ஒரே தகடு

கம்யூனிஸ்ட்டுக்குப் பயப்படுவதற்கு முன்பே நான் சங்கத்துக்குப் பயந்தவள். இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். செனாவாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஏதோ இரண்டு மூன்று கம்பெனிகளில் பங்கு வாங்கி வைத்திருக்கிறான். "கம்பெனி முழுகினா போட்ட காசு போகும்மா, அவ்ளோதான். வூட்டுக்கு வந்து யாரும் கேக்க முடியாதுலா" என்கிறான். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது. எங்கள் சங்கத்தில் போட்ட காசு போவது முதல் படிதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவார்கள்.

மலாயாவில் லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டம். நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது சங்கம் ஏற்கெனவே இருந்தது. நாணயச் சங்கம் என்று பெயர். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் போடுவார்கள், தேவைப்படுகிறவனுக்கு அதிலிருந்து கடன் கொடுப்பார்கள். வட்டிக்காரரின் வாசலில் போய்க் கை கட்டி நிற்காமல் இருக்கத் தோட்டத்து ஆட்களே சேர்ந்து ஆரம்பித்தது. தலைவர் கங்காணி. தோட்டத்திலேயே அதிக மாடு வைத்திருந்தவர் அவர்தான். செயலாளர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வார்த்தையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாத மனிதர்.

என் வீட்டுக்காரர் சங்கத்தில் சேர்ந்த அன்று கோயில் கொட்டகையில் கிராணி விதிகளைப் படித்துக் காட்டினார். பெண்கள் நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

"சங்கம் நட்டப்பட்டால் நீங்கள் போட்ட பங்கு மட்டும் போகாது. உங்களிட்ட என்ன இருக்குதோ அவ்வளவும் சங்கத்தின்ர கடனுக்குப் பொறுப்பு. ஒருத்தனிட்ட இல்லையெண்டால் இருக்கிறவனிட்ட எடுப்பினம். முழுக் கடனும் ஒருத்தன்ர தலையில விழுந்தாலும் விழும்."

"மாடு கூடவாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாடும்தான்."

"பொம்பள கழுத்துல கெடக்கறது?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியில எல்லாம் எண்டுதான் கிடக்கு" என்றார்.

பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டோம். அவர் அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தேற்றுவதாக நினைத்து மேலும் ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வங்கியில் பங்கு போட்டவன், வங்கி முழுகினால் போட்டதற்கு மேல் அதே அளவு இன்னொரு முறை கட்டவேண்டுமாம். அதோடு விட்டுவிடுவார்களாம். "எங்களுக்கு அந்த வரம்பும் இல்லை" என்று முடித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் கொல்லையில் கட்டியிருந்த எங்கள் கிடாரியைப் போய்ப் பார்த்தேன். அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பயம்தான் சங்கத்தைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லவேண்டும். ஒருவன் கடன் கேட்டால் போதும், வரிசை வீடுகள் கொண்ட லயமே அவன் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கும். கள்ளுக்கடையில் எத்தனை கிளாஸ் ஏற்றுகிறான், பெண்டாட்டி புதுச் சேலை எடுத்தாளா, மாடு சினை பிடித்ததா எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தே ஆகவேண்டும், அவன் கட்டாவிட்டால் நாங்கள்தானே கட்டவேண்டும்? கன்று வாங்கக் கடன் கிடைக்கும், கல்யாணத்துக்குக் கிடைக்கும், தையல் மெஷினுக்குக் கிடைக்கும். ஒருவர் காப்பிக்கடை வைக்கக் கேட்டபோது கூட்டமே அவரைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தது. கோழைகளின் சங்கம் என்று பக்கத்துத் தோட்டத்தில் எங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அத்தனை வருஷத்தில் எங்களுக்கு ஒரு காசு நட்டம் வந்ததில்லை.

பிறகு, காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது.

சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடமாகச் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரு கேட், அதில் ஸ்பெஷல் போலீஸ். காலையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகும்போது பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. பால் வாளிக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள், கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு கூட வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார், சேர்த்து வைக்க முடியாதபடி. எங்களுக்கு இரண்டு பக்கமும் பயம். வெட்டுக்காட்டில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்து அரிசி கேட்பான், இல்லை என்றால் அவன் நம்மைச் சும்மா விடமாட்டான். இருக்கிறது என்று கொடுத்தால் போலீஸ் சும்மா விடாது. நான் அந்த வருஷங்களில் மரத்தைப் பார்த்துப் பால் வெட்டியதைவிட மரத்துக்குப் பின்னால் பார்த்ததுதான் அதிகம்.

மாடுகளுக்கும் சட்டம் வந்தது. கொட்டகைகள் வேலிக்குள்ளே, லயத்துக்குப் பின்னால். பகலில் வெளியே மேயலாம், கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் தகடு கட்டி, அதில் சொந்தக்காரரின் வீட்டு எண் இருக்கவேண்டும். ஒரு மாடு குறைந்தால் அந்த எண் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மாடு எங்கே, யாருக்குக் கறியாகப் போனது என்று கேட்பார்கள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, அவரவர் தகட்டை அவரவரே செய்துகொண்டோம். எங்கள் வீடு பதினாலு.

தோட்டத்து மாடுகளையெல்லாம் மேய்க்க ஒருவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் மாட்டுக்கார அண்ணன். கல்யாணம் ஆகாதவர், நடுவயது. கடைசி லயத்துக் கடைசி அறை, முப்பத்தொன்பதாம் எண். உள்ளே ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு சட்டி. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கூலி கொடுப்போம். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். ஆனால் சாயங்காலம் அவர் கேட்டைத் தாண்டி ஒரு குரல் கொடுத்தால், மாடுகள் தானாகப் பிரிந்து அதனதன் கொட்டகைக்குப் போய் நிற்கும். அதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை.

சாலையில் ஒரு பஸ்ஸைக் காட்டுக்காரர்கள் மறித்து எரித்தார்கள். அதன்பிறகு சிரம்பானிலிருந்து சாமான் கொண்டுவரும் லாரிக்காரர் வர மறுத்துவிட்டார். கடையில் சாமான் இல்லை, இருந்த சாமானுக்கு வைத்ததுதான் விலை. அப்போதுதான் இளவட்டங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார்கள். சங்கமே ஒரு லாரி வாங்கவேண்டும். சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் மொத்தக் கடை இருக்கிறது, அங்கிருந்து நாமே சாமான் ஏற்றலாம், பக்கத்துத் தோட்டங்களுக்கும் வாடகைக்கு ஓட்டலாம், லாபம் கொட்டும். பணம் டவுன் பேங்க் கொடுக்கும். ஓட்டுவதற்கு ஆளும் இருந்தது, என் வீட்டுக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் லாரி ஓட்டிப் பழகியவர்.

கங்காணி எழுந்தார். "லாரிய எரிச்சா யாரு கட்டறது? காட்டுக்காரன் எரிச்சதுக்கு இன்சூரன்ஸ்காரன் குடுப்பானா? நம்ம கொட்டகைலேருந்துதான் போவும். ஒன் மாடு, ஒன் மாடு, ஒன் மாடு" என்று ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார். கை காட்டப்பட்டவர்கள் தலையைக் குனிந்தார்கள். யோசனை அன்றைக்குத் தோற்றது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. அடுத்த கூட்டத்தில் லாரி எப்படியும் ஜெயித்துவிடும் என்று பேச்சு எழுந்தது. ஒரு நாள் பால் எடை போட ஸ்டோரில் நின்றபோது, வேலிக்கு அப்பால் மேய்ந்த பக்கத்து வீட்டு மாட்டைப் பார்த்தேன். அதன் கழுத்தில் பதினைந்து இல்லை, முப்பத்தொன்பது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாடு அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் சங்கத்தில் இல்லை. சங்கம் முழுகிக் கடன் வசூலிக்க அரசாங்க ஆபீசர் வந்தால் பக்கத்து வீட்டில் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்படியானால் இருக்கிறவனிடம் எடுப்பார்கள். இருக்கிறவன் யார்? நாங்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னாங்க, நாமளும் மாத்திக் கட்டிடலாம்."

"திருட்டு வேல புள்ள அது."

"எல்லாரும் கட்டிட்டு நம்ம மாடு மட்டும் நின்னா, ஊருக் கடனெல்லாம் நம்ம மாடுதான் கட்டும்."

 அவர் ஒரு டின் தகட்டை எடுத்துவைத்து ஆணியால் குத்த ஆரம்பித்தார். நான் ஒரு சம்புடத்தில் அரிசியும் நாலு வெற்றிலையும் எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்றேன். "சொல்லமாட்டேம்மா" என்றார். அவர் பின்னால் மூலையில் வேறு வீட்டுச் சம்புடங்கள் இரண்டு மூன்று இருப்பதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மாடு வைத்திருந்த வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக முப்பத்தொன்பது ஆயின. நான் அவள் மாட்டைப் பார்ப்பேன், அவள் என் மாட்டைப் பார்ப்பாள், குழாயடியில் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். கங்காணி மாடுகளின் கழுத்திலும் அதே எண்தான். கேட் போலீஸ்காரனுக்கு மாட்டுக் கணக்கு குறையாமல் இருந்தால் போதும், எண்ணைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. கங்காணி வரவில்லை. அவர் சங்கத்திலிருந்து விலகி, தன் பங்கை மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் கிராணி சொன்னார். யாருக்கு மாற்றினார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் லாரி அவசரம். வெட்டுக்காட்டில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். பிறகு லாரிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். போன கூட்டத்தில் தலை குனிந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். எப்பேர்ப்பட்ட தைரியம்! காப்பிக்கடைக்குக் கடன் கொடுக்க நடுங்கிய அதே மனிதர்கள், பஸ் எரிந்த சாலையில் லாரி விடத் துணிந்துவிட்டார்கள். போக அவர்களிடம் இனி ஒன்றும் இல்லையே. என் வீட்டுக்காரரும் கை தூக்கினார். அந்தக் கை தினமும் அந்த லாரியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிற கை என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது போலிருக்கிறது.

மாட்டை ஒளித்துவைக்க ஒரு தகடு போதும். புருஷனை எந்தத் தகட்டில் ஒளிக்க?

லாரி வந்தது, மாலை போட்டுப் பூசை வைத்தார்கள். சாமான் வந்தது, விலையும் இறங்கியது. அதை மறைக்கக் கூடாது, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். நான் பால் வெட்டும் மர வரிசை, என் நிரை, சாலையோரத்துக் காட்டில் இருந்ததால் லாரி போகும் சத்தமும் வரும் சத்தமும் எனக்குக் கேட்கும். போகும்போது வெறும் லாரி, தடதடவென்று குதிக்கும். வரும்போது பாரம், மேட்டில் முனகும். அந்த முனகல் கேட்கும் வரை எனக்கு மூச்சு பாதிதான். கத்தி நழுவி மரத்தில் காயம் போட்டுவிடுவேன், மண்டோர் திட்டுவார். திட்டட்டும் என்று இருப்பேன். சாமிக்கு வேண்டிக்கொள்வதில்கூட எனக்குச் சண்டை. முதலில் அவரைக் காப்பாற்று என்பேன், அடுத்த மூச்சிலேயே லாரியையும் காப்பாற்று என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாடு ஒரு கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை விழுந்த காளைக் கன்று. பகலில் தாய் மேயப் போக, கன்றைக் கொட்டகைக்குள் கட்டிவைப்போம்.

ஒரு நாள் முனகல் சத்தம் வரவில்லை. பால் எடுத்து முடித்தோம், வரவில்லை. பக்கத்து நிரைக்காரி என் தோளைத் தொட்டு மேலே காட்டினாள். மரங்களுக்கு மேலே கறுப்பாகப் புகை. மண்டோர் எங்களையெல்லாம் கேட்டுக்குள் ஓடச் சொன்னார். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்றே தெரியவில்லை, பெண்கள் என்னைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

அவர் வந்தார். ரப்பர் காட்டின் வழியாக, வெறும் மேலோடு, செருப்பில்லாமல். முட்கள் கீறி முழங்கால் வரை ரத்தம். மறித்து இறக்கினார்களாம், சட்டையையும் செருப்பையும் கேட்டார்களாம், கொடுத்தாராம். அரிசியை எடுத்துக்கொண்டு லாரிக்குத் தீ வைத்தார்களாம். "போ, திரும்பிப் பாக்காதன்னு சொன்னாங்க. பாக்கல" என்றார். அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதேன். நன்றாக அழுது முடித்த பிறகு லாரி ஞாபகம் வந்தது. அதற்கும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஆபீசர் வருவதற்காகக் காத்திருந்தோம். பேங்குக்குக் கட்டச் சங்கத்தில் பணம் இல்லை. யாருக்கும் பெரிய கவலை இருப்பதாகவும் தெரியவில்லை. ஆபீசர் வருவார், வீடு வீடாகப் பார்ப்பார், பாயும் பானையும்தான் இருக்கும், போய்விடுவார். இப்படித்தான் குழாயடியில் பேச்சு. தாலிகள் எல்லாம் மஞ்சள் கயிறாக மாறியிருந்தன.

ஆபீசர் டவுனிலிருந்து வந்தார், தமிழர்தான். சாலை நிலவரம் மோசம் என்பதால் ஒரு மலாய் இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸ்காரர்களும் கூட வந்தார்கள். பகலெல்லாம் ஆபீசில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். என் வீட்டுக்காரரும் அப்படியே சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அவர்கள் புறப்படும் நேரம். ஆபீசர், இன்ஸ்பெக்டர், வழியனுப்பக் கிராணி மூவரும் கேட்டருகே நின்றார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் ஒதுங்கி நின்றோம். அப்போது மாடுகள் வந்தன. வழக்கம்போல கேட் போலீஸ்காரன் தகடுகளைச் சத்தமாகப் படித்து எண்ண ஆரம்பித்தான். முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது. ஆபீசர் திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்தொம்பது யாரு?" என்று கிராணியைக் கேட்டார்.

கிராணி ஒன்றும் அறியாதவர். மாடுகளின் கழுத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "மாடு மேய்க்கிறவர். அவரும் எங்கட சங்க உறுப்பினர்தான். கங்காணி தன்ர பங்கை அவருக்குத்தான் எழுதிக் குடுத்தவர்" என்றார்.

  சொத்தெல்லாம் சங்கத்தில் இல்லாதவரிடம் இருக்கட்டும் என்று நாங்கள் மாடுகளை அவரிடம் கொண்டுபோனோம். தன் பங்கு, கையில் ஒன்றுமில்லாதவரிடம் இருக்கட்டும் என்று கங்காணி அதையும் அவரிடமே கொண்டுபோயிருக்கிறார். தோட்டத்துக்கே நம்பிக்கையான ஆள் அவர் ஒருவர்தானே? ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லாத மனிதர், எல்லோரும் அவரிடமே போயிருக்கிறோம். இப்போது தோட்டத்து மாடு அத்தனையும் சங்கக் கடனுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஆபீசருக்கு முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டருக்கு மலரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவர் அண்ணனைக் கிட்டே கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். கிழிந்த அரைக்கால் சட்டை, வெறுங்கால். அந்த ஆளுக்கு இத்தனை மாடு. தினமும் காட்டோரத்தில் தனியாக இருக்கிற ஆள். மாடு வாங்கப் பணம் யார் கொடுத்தது? அவர் வாயால் கேட்கவில்லை, ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் அந்தக் கேள்வி கேட்டது. காட்டுக்காரர்களின் பணத்தை வைத்திருக்கிறான் என்று ஒருவனைக் கொண்டுபோனால் அவன் திரும்பி வருவதில்லை. முகாமில் அடைப்பார்கள், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் இருந்தார்கள்.

"லெம்பு சியாப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர். மாடு யாருடையது?

அண்ணன் எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார் என்று சொல்லவேண்டும். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்து, மாடெல்லாம் இவர்களுடையது என்று சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சுக்குள் இருக்க முடியும்.

"என்னுதுதாங்க துவான்" என்றார் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் அண்ணனின் கையைப் பின்னால் மடக்கிப் பிடித்தான். அண்ணன் கையை உதறவில்லை. பழக்கத்தில் மாடுகளைப் பார்த்து அந்தக் குரலைக் கொடுத்தார், அவ்வளவுதான். மடி கனத்து நின்ற மாடுகள் கேட்டைத் தாண்டி உள்ளே கிளம்பின.

கூட்டத்திலிருந்த பெண்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. எல்லோரும் ஓடினோம். மாடு அதனதன் கொட்டகைக்குப் போய் நின்றால் குட்டு உடைந்துவிடும். போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் ஒவ்வொருத்தியும் அவளவள் கொட்டகைப் படலை இழுத்து மூடினாள். நானும் மூடினேன். மூடிவிட்டு அதற்கு உள்ளே நின்றேன். லயத்துக்குப் பின்னால் வரிசையாக மூடின படல்கள். மாடுகள் வந்தன. ஒன்றுகூடப் பிசகாமல் அதனதன் படலுக்கு முன்னால் நின்றன. உள்ளே விடுவார்கள் என்று காத்திருந்தன. பிறகு கத்த ஆரம்பித்தன.

எங்கள் மாடு படலில் முகத்தை வைத்து முட்டியது. என் பின்னால் கன்று தும்பை இழுத்துக்கொண்டு "ம்மா" என்றது. நான் அதன் வாயைக் கையால் பொத்தினேன். என் கையையே சப்பியது. வெளியே தாயின் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக் கொட்டகை மண்ணை நனைத்துக்கொண்டு வந்தது, படலின் அடியில் எனக்குத் தெரிந்தது. படல் இடுக்கில் பார்த்தேன். லயத்து முனையில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கை மடக்கப்பட்ட அண்ணன். அண்ணன் மாடுகளைப் பார்க்கவில்லை, மூடின படல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தைரியசாலி இல்லை, இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடு போய்விடும் என்று தெரியும். சீராக வந்த மாடு, எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து. ஆனால் என் வீட்டுக்காரர் வெறும் மேலோடு காட்டிலிருந்து வந்தது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவரைப் போ என்று விட்டவர்கள் காட்டுக்காரர்கள். நாங்களோ ஒரே லயத்துக்காரர்கள், தினமும் அண்ணனுக்கு வெற்றிலை கொடுத்தவர்கள், படலை மூடிக்கொண்டு நிற்கிறோம். அந்த நினைப்பு மாடு போகிற பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது. நான் படலைத் திறந்தேன்.

மாடு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கன்றை நக்க ஆரம்பித்தது. நான் வெளியே வந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த மலாயில், "இனி சாயா பூஞ்ஞா" என்றேன். இது என்னுடையது.  எங்கிருந்தோ என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

 பிறகு பக்கத்து வீட்டுப் படல் திறந்தது. அதற்கடுத்தது. சில படல்கள் அழுதுகொண்டே திறந்தன, ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டே திறந்தாள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆபீசரிடம் ஏதோ சொன்னார். போலீஸ்காரன் அண்ணனின் கையை விட்டான்.

கங்காணி வீட்டுப் படல் மட்டும் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் மாடுகளுக்கு ஆபத்தே இல்லை, அவர்தான் சங்கத்தை விட்டே போய்விட்டவர் ஆயிற்றே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன் மாடுகளையும் அந்த மனிதரையும் ஒருசேர மீட்டிருப்பார். இழக்க ஒன்றுமில்லாத அவருக்குத்தான் எங்கள் எல்லோரையும்விடப் பயம். இருட்டும் வரை அவர் மாடுகள் வெளியே நின்று கத்தின.

ஆபீசர் மாடுகளைக் குறித்துக்கொண்டார். விற்று வந்த பணம் பேங்குக்குப் போயிற்று, சங்கம் மூடப்பட்டது. பிற்பாடு கிராணி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம், அமெரிக்காவிலும் அப்படித்தானாம். வங்கி முழுகப் போகிறது என்று வாசம் பிடித்தால், பணக்காரன் தன் பங்கை ஒன்றுமில்லாதவன் பெயரில் எழுதிவிட்டு நழுவுவானாம். அந்த ஒன்றுமில்லாதவனுக்கு என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரர் கேட்டாராம். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் எங்கள் கொட்டகை வாசலுக்கு வந்தார். மணிக்கட்டில் போலீஸ்காரன் பிடித்த இடம் சிவந்திருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கூசியது. அவர் நன்றி சொல்லவில்லை. மெதுவாக, யாரோ அடிக்கப் போகிற மாதிரி பயந்த குரலில் கேட்டார்.

"நீ ஏம்மா தொறந்த? நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லலம்மா."

"தெரியும்ண்ணே" என்றேன்.  திரும்பிக் கன்றின் தும்பை அவிழ்த்துத் தாயிடம் விட்டேன்.